ஆகாயத்தாமரைக்குள் சிக்கிய போன்

— மச்சான் ஒகுட்டு, இது என்னய்யா சூனியம்? பவர்பேங்க் முழுசா நிறைஞ்சிருக்கு, வயர் புதுசு. போன்ல மட்டும் ஒரு சொட்டு சார்ஜ்கூட ஏற மாட்டேங்குது. ரெண்டு சதவீதத்துலயே நிக்குது!

— பொறு பொறு, ஒச்சோலா. போட்டை ஆட்டாதே. நீ குதிச்சா இந்த ஆகாயத்தாமரை வழி விட்டுடுமா?

— வழியா! வரும்போது திறந்த தண்ணி. இப்ப நாலு பக்கமும் பச்சைச் சுவர். என்ஜின் விசிறில வேர் சுத்திக்கிச்சு, துடுப்பும் நகர மாட்டேங்குது. சாயங்காலக் காத்து அடிச்சா இந்தத் தழைக்காடு நம்மளையும் சேர்த்து நடு ஏரிக்குத் தள்ளிட்டுப் போயிடும். அப்புறம் நம்ம கிசுமு ஊர்க் கரையில யாரு நம்மளத் தேடுவா?

— அதான் கரையில இருக்கிற ஒவிட்டிகிட்ட சொல்லணும். பெரிய போட்டைக் கொண்டாந்து கயிறு போட்டு இழுக்கட்டும். ஒரே ஒரு போன் கால். ரெண்டு சதவீதம் தாங்காதா?

— முன்ன கூப்பிட்டப்பவே, மணி அடிக்கிறதுக்குள்ள அஞ்சுலேர்ந்து ரெண்டுக்கு விழுந்துச்சு. இன்னொரு தடவை தொட்டா செத்துடும்.

— சரி, எது கெட்டதுன்னு ஒண்ணொண்ணாப் பார்ப்போம். அந்த வயரை என் டார்ச்சுல சொருகு.

— சொருகிட்டேன். டார்ச் ஏறுதே!

— அப்ப பவர்பேங்க் நல்லது, வயரும் நல்லது. குடுக்கிறவன் குடுக்கிறான், வாங்குறவன்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கான். போனைக் குடு... ஐயோ, உகாலிக் களி கிண்டுற சட்டி மாதிரில்ல கொதிக்குது!

— காலையிலேர்ந்து பாட்டு ஓடுச்சுல்ல. பலகை மேல வெயில்லதான் கெடந்துச்சு.

— எத்தனை பிளாஸ்டிக் பை சுத்தியிருக்கே?

— மூணு. வயருக்கு மட்டும் ஓட்டை. போன வருசம் ஒரு போன் ஏரிக்குள்ள போனப்ப உன் தங்கச்சி என்னை உரிச்சு உப்பு தடவிட்டா. தண்ணி மேல இருக்கிறவரைக்கும் பையைப் பிரிக்க மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.

— பிரி.

— நனைஞ்சா?

— பிரிக்காட்டி நாமதான்யா நனைவோம்!

— சரி சரி, கத்தாதே... பிரிச்சுட்டேன். திரையில என்னமோ படம் தெரியுது. ஆஸ்பத்திரியில நர்ஸ் கக்கத்துல வைப்பாங்களே, அந்தக் குச்சி.

— காய்ச்சல்! சூடு மிஞ்சினா போனே கதவைச் சாத்திக்கும். அந்தச் சூட்டுல ஏத்தினா பேட்டரி கெட்டுடும். அதுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல பாரு.

— அப்ப மீன் ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சுடறேன். நொடியில ஆறிடும்!

— அடப்பாவி, வேணாம்! திடீர்னு குளிர்ந்தா உள்ளுக்குள்ளயே வேர்த்துத் தண்ணி கோத்துடும். அப்புறம் ஏரி என்ன, ஐஸ் பெட்டி என்ன? முதல்ல வயரை உருவிட்டு போனை அணை. ரப்பர் உறையையும் கழட்டு. என் சட்டை நிழல்ல, காத்துப் படுற மாதிரிப் பிடி.

— காத்து கிளம்பிடுச்சு மச்சான். தழை நகருது.

— நகரட்டும். சூடு எப்படி இருக்கு?

— என் உள்ளங்கை அளவுக்கு இறங்கிடுச்சு.

— இப்ப சொருகு.

— ஏறுது! மூணு... நாலு... எட்டு வந்துடுச்சு! போனை ஆன் பண்ணிட்டேன்... அலோ, ஒவிட்டி? ஒச்சோலா பேசறேன்... மச்சான், கயிறோட கிளம்பிட்டானாம்! இவ்வளவு நேரம் போனுக்கு என்ன கேடுன்னு கேக்கறான். என்ன சொல்ல?

— சார்ஜர் கெடல, போனுக்கு மூச்சு முட்டிப் போச்சுன்னு சொல்லு. பையைப் பிரிச்சு, அணைச்சு, நிழல்ல ஆறவிட்டு, ஆறினப்புறம் சார்ஜ் போட்டோம், ஏறிடுச்சுன்னு சொல்லு.