ஒரு வூட்டுக்கு ஒரு ஒலை

— சக்கரை ஒரு கிலோ போடுக்கா. பாமாயிலு ஒரு லிட்டரு. மைதா இருக்குதா?

— யாரு வூட்டுக்கு?

— எங்க வூட்டுக்குத்தான். வேற யாரு வூட்டுக்கு வாங்கப் போறேன்?

— தையலு, வெயில்ல உப்பு செமந்து செமந்து மூள கொழம்பிப் போச்சா உனக்கு? புருசனுக்கு சுகரு. நாலு மாசமா இந்தக் கடையில ஒரு வர்க்கி கூட வாங்கல நீ. இப்ப வந்து சக்கரையாம், பாமாயிலாம், மைதாவாம்! கேட்டுக்க, தர மாட்டேன்.

— கடைக்காரியே சரக்கு தர மாட்டேன்னு சொன்னா எப்படி மேரிக்கா?

— இந்த சகாயமேரி சொல்லுவா. அன்னிக்கு டீக்கட பெஞ்சுல உன் புருசன் அப்பாவு அண்ணன் குந்தியிருக்குது. உப்பளத்து ஆளுங்க அத்தினி பேரும் வடையக் கடிச்சிகினு இருக்கறானுங்க. இது மட்டும் சக்கரை இல்லாத டீய மூஞ்ச சுளிச்சிகினு குடிக்குது. எனக்கே பாவமாப் போச்சி. அந்த மனுசன் வாயக் கட்டிகினு இருக்குது, நீயே அவுத்து வுடறியா?

— விடுக்கா. போடு.

— மாட்டேன். நீ எப்பவும் வாங்கறத எடுத்து வச்சிருக்கேன் பாரு. கேழ்வரகு மாவு, கம்பு, கொள்ளு, கடலெண்ணெ அரை லிட்டரு. பச்சப்பயிறு புதுசு, நேத்துதான் திண்டிவனத்துலேருந்து வந்திச்சி. கையில அள்ளிப் பாரு, ஒரு சொத்த இல்ல.

— கம்பு வேணாம். பயிறும் வேணாம்.

— வேணாமா? கம்பு மூட்ட எறக்குனதே உன்னாலதாண்டி! இந்த ஊர்ல யாரு வாங்கப் போறான்னு பயந்துகினே எறக்குனேன். இப்ப தேவநாதன் வூட்ல வாங்கறாங்க, வாத்தியார் வூட்ல வாங்கறாங்க. உப்பளத்துல பாதிப் பேரு தூக்குச்சட்டியில கூழுதான் எடுத்துட்டுப் போறான். பிஸ்கட்டு டப்பா தூசி படிஞ்சி கெடக்குது. எனக்கு ஏவாரம் கெட்டதப் பத்திக் கூட நான் கவலப்படல, கேட்டுக்க.

— அவங்கல்லாம் வாங்கட்டும். நான் எதுக்கு?

— என்னாடி ஆச்சி உனக்கு? அண்ணன் எங்க?

— பாண்டிக்குப் போயிருக்காரு. மொதலாளி சக்கரபாணி காலைலயே வேன்ல கூட்டிட்டுப் போனாரு.

— எதுக்கு?

— குதிகால்ல புண்ணு. ஒரு மாசமா ஆறல. உப்பளத்துல நிக்கறவனுக்குப் புண்ணு எப்பக்கா ஆறியிருக்குது? உப்புத் தண்ணி அரிச்சிகினே இருக்குது. வேப்பெண்ண தடவிப் பாத்தாரு, மஞ்ச வச்சிக் கட்டிப் பாத்தாரு. நேத்து மொதலாளி கண்ணுல பட்டுடிச்சி. 'உனக்குத்தான் சுகரு இருக்குதே, கால அலட்சியமா வுடாத, பெரிய ஆஸ்பத்திரியில ரத்தத்தையும் பாத்துடலாம்'னு இழுத்துட்டுப் போயிட்டாரு.

— தங்கமான மொதலாளி. போயிட்டு வரட்டுமே. நீ பொங்கிப் போட்ட சாப்பாட்டுக்கு சுகரு கொறஞ்சிதான் இருக்கும்.

— கொறஞ்சிருக்காது. இல்லன்னே வரும்.

— இல்லன்னு வந்தா மாதா கோயில்ல மெழுகுத்திரி கொளுத்து. அதுக்கு ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்க?

— அக்கா, அவருக்கு இருந்தாத்தானே கொறையறதுக்கு? அவருக்கு சுகரே கெடையாது. எனக்குதான்.

— என்னா சொன்ன?

— எனக்கு. சுனாமி அலை வந்தப்புறம் பள்ளிக்கூடத்துல வெளியூரு டாக்டருங்க கேம்ப்பு போட்டாங்களே, ரெண்டு பேரும் போயி ரத்தம் குடுத்தோம். மறுநாளு அவருக்கு லோடு ஏத்தற வேல. ரிசல்ட்டு கேக்க நான் மட்டும் போனேன். எனக்கு எக்கச்சக்கமா இருக்குதுன்னுட்டாங்க. மாத்திரை குடுத்தாங்க. நர்ஸம்மா பக்கத்துல ஒக்கார வச்சி சொல்லிக் குடுத்தாங்க, சோத்த பாதியாக்கு, கீரையும் பயிறும் அந்த எடத்த ரொப்பணும், எண்ணெ வாங்கறப்பவே கொறச்சி வாங்கு, வூட்ல இருந்தா கை நீளும்னு.

— மாதாவே! அப்ப அண்ணனுக்கு என்னா சொன்னாங்க?

— அவரு ரத்தம் ஒறஞ்சி போயிட்டுதாம், பாக்க முடியலியாம். மறுபடி வரச் சொன்னாங்க. நான் அவராண்ட சொல்லல. அவருக்கு என்னா, கல்லு மாதிரி இருக்காரு.

— அடிப்பாவி! கட்டுன புருசன் மேல நோவத் தூக்கிப் போட்டியா? வாயில எப்படி வந்திச்சி?

— மொத நாளு உண்மையத்தான்க்கா சொன்னேன். எங்க அத்தகிட்ட.

— வேலம்மா பெரிம்மா என்னா சொல்லிச்சி?

— 'ஒரு வூட்ல ரெண்டு ஒலையா வைப்பாங்க? சுகருன்னா சோத்தக் கொறச்சித் தின்னு, அரிசியாவது மிச்சமாவும்'னுச்சி. அவ்வளவுதான். மறுபடி மாவு கரைக்கப் போயிடிச்சி. ராவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்ல. காலைல எழுந்து, 'பேர மாத்தி சொல்லிட்டாங்களாம் அத்த, எனக்கு இல்ல, உங்க புள்ளைக்காம்'னேன்.

— அப்புறம்?

— அப்புறம் பாக்கணுமே! சக்கரை டப்பாவ எதுத்த வூட்டுக்குக் குடுத்துட்டுது. ஊறுகா ஜாடிய எருக்குழியில கவுத்துட்டுது. பூவிழி பிஸ்கட்டு கேட்டு அழுதா, 'எங்கப்பனுக்கு இல்லாதது எனக்கு எதுக்குன்னு சொல்லுடி'ன்னு பொண்ண மெரட்டுது. விடியறதுக்குள்ள முருங்கக்கீரைய உருவிகினு குந்தியிருக்குது. நான் ஒண்ணுமே சொல்லல. புள்ளைக்குன்னதும் ஒலையே மாறிப் போச்சி.

— நீயும் அதையே தின்ன.

— வூட்ல ஆக்கறத எல்லாருந்தானே தின்றோம். மாத்திரைய மட்டும் வெங்காயக் கூடைக்கு அடியில ஒளிச்சி வச்சிருக்கேன். கண்ணு மங்கலா இருந்தது தெளிஞ்சிடிச்சி. ராத்திரியில சும்மா சும்மா எழுந்து வெளிய ஓடுவேன், அதுவும் நின்னு போச்சி. உப்புக் கூடைய தூக்குனா தல சுத்தல. நல்லா இருந்தேன்க்கா.

— இப்ப பாண்டியில அண்ணனுக்கு இல்லன்னு சொல்லிட்டா?

— இன்னிக்கே எங்க அத்த பூரி சுடும். வாயக் கட்டுன புள்ளையாச்சே, வுடுமா? நீ மைதா வாங்கி வைக்கலியான்னு என்னத்தான் ஏசும். அதான் நானே வாங்கிட்டுப் போயிடறேன்.

— சுடட்டும். நீ தின்னாத.

— பசியோட வூட்டுக்குப் போனா இருக்கறதத்தானே தின்ன முடியும்? எனக்குன்னு ஒரு பிடி பயிறு வேவ வச்சா, 'மகாராணிக்குத் தனிச் சமையலா'ன்னு தெருவுக்கே கேக்கும்.

— நான் வேவ வச்சித் தரேன்டி. உப்பளத்துக்குப் போற வழியில இங்க தின்னுட்டுப் போ.

— எத்தினி நாளைக்குக்கா? அப்புறம் அது ஒரு பேச்சாவும்.

— அண்ணனாண்ட நேரா சொல்லேன். கெட்ட மனுசன் இல்லியே.

— கெட்ட மனுசன் இல்ல. அம்மா பேச்ச மீறவும் மாட்டாரு. எங்க அம்மா இதே நோவுல கண்ணு போயித்தான் செத்துது. எனக்கு பயமா இருக்குதுக்கா. பூவிழி சின்னப் பொண்ணு. எனக்கு சாவப் பிடிக்கல.

— அழாத. எனக்கு பிரசருன்னு தெரிஞ்சப்ப எங்க வூட்ல கருவாட்ட நிறுத்துனாங்களா? எல்லா வூட்லயும் இதே கததான். மூஞ்சத் தொட, வேன் வந்து நிக்குது.

— சக்கரைய கட்டுக்கா, சீக்கிரம்.

— கட்ட மாட்டேன்னா மாட்டேன். அண்ணே, வா வா. பாத்து எறங்கு. கால்ல என்னா இம்மாம் பெரிய கட்டு?

— அத ஏன் கேக்கற தங்கச்சி. மொதல்ல தண்ணி குடு. பாண்டியில என்னா வெயிலு! தையலு, நீயும் இங்கதான் இருக்கறியா? நல்லதாப் போச்சி. புண்ண அறுத்துக் கழுவிட்டாங்க. உசுரு இப்ப போவுது, அப்ப போவுதுன்னு கெடந்தேன். நர்ஸு நல்ல பொண்ணு. எக்கியார்குப்பமாம். எங்க மீன் நல்லா கெடைக்கும்னு பேசிகினே வேலைய முடிச்சிட்டா. மொதலாளி பிரியாணி வாங்கித் தரேன்னாரு. எனக்கு சப்பாத்தி போதும்னுட்டேன். நம்ம கட்டுப்பாடு நமக்கு.

— ரத்தம் பாத்தாங்களா?

— பாக்காம வுடுவாங்களா? தின்றதுக்கு முன்னால ஒரு தடவ, தின்ன பெறவு ஒரு தடவ. ஊசி குத்துன எடம் நீலமா ஆயிப்போச்சி பாரு.

— என்னா சொன்னாங்க? சொல்லுங்களேன்.

— இருக்குது.

— யாருக்கு?

— யாருக்குன்னா? எனக்குதான். என்னா கேள்வி இது? முந்நூறுக்கு மேல இருக்குதாம்.

— இருக்காது. தப்பா பாத்திருப்பாங்க. வேற யாருதாவது இருக்கும்.

— ரெண்டு தடவையுமா தப்பாவும்? புண்ணு ஆறாததே இதனாலதானாம். நான் என்னாடான்னா உப்புத் தண்ணி உப்புத் தண்ணின்னு வேப்பெண்ணையத் தடவிகினு இருந்தேன். டாக்டரு சிரிச்சாரு. மரக்காணத்து ஆளுங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க, கால அழுவ வுட்டுட்டு வர்றீங்கன்னாரு.

— மாதாவே, மாதாவே.

— நீ ஏம்மா பதர்ற? தெரிஞ்ச சமாச்சாரந்தானே. 'என்னா மாத்திரை போடற'ன்னு கேட்டாரு. மாத்திரை இல்லீங்க, சாப்பாட்டுலயே அடங்கிடும்னு கேம்ப்புல சொன்னாங்களாம்னேன். எவன்யா சொன்னதுன்னு ஒரே சத்தம். அப்புறம் என்னா தின்றன்னு கேட்டாரு. கம்பு, கேழ்வரகு, பயிறு, கீரை, சக்கரை இல்லாத டீன்னு ஒண்ணு வுடாம சொன்னேன். ஆளு சத்தத்த நிறுத்திட்டாரு.

— என்னா சொன்னாரு அண்ணே?

— 'இந்தச் சாப்பாடுதான்யா இத்தினி நாளு உன் கால காப்பாத்தியிருக்குது. பழைய தீனியே தின்னுகினு இருந்திருந்தா கணுக்காலோட எடுத்திருக்கணும். போயி உன் பொண்டாட்டிக்கு ஒரு புடவ எடுத்துக் குடு'ன்னாரு. மொதலாளியும் பக்கத்துலதான் நின்னாரு. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்திச்சி தையலு.

— அப்படி சொல்லாதீங்க.

— ஏன் சொல்லக் கூடாது? நீ அன்னிக்கு வந்து சொல்லலன்னா எனக்கு எங்க தெரிஞ்சிருக்கும்? ஐய, ஏன் அழுவற? காலு இருக்குது. மாத்திரை குடுத்திருக்காங்க. வா வூட்டுக்கு, அம்மா வாசல்லயே நிக்கும்.

— தையலு, அண்ணனக் கூட்டிகினு போ. இப்ப ஒண்ணும் பேசாத. கேட்டுக்க.

— இல்லக்கா. புடவ எடுத்துக் குடுத்துட்டார்னா அப்புறம் எனக்கு வாயே வராது. இங்க பாருங்க. அன்னிக்கு கேம்ப்புல சுகருன்னு சொன்னது எனக்கு. உங்களுக்கு இல்ல. எனக்குன்னு சொன்னப்ப அத்த ஒலைய மாத்தல. அதனால உங்களுக்குன்னு பொய் சொல்லிட்டேன்.

— உனக்கா?

— எனக்குதான். ஒளிச்சி ஒளிச்சி மாத்திரை போட்டுகினு இருக்கேன். என்னா வேணா திட்டுங்க.

— இரு, இரு. உனக்கு சுகரு. சரி. எங்கம்மா உனக்குன்னா ஒலைய மாத்தாது, அதுவும் சரிதான். எம்பேர சொன்ன, அதுவும் போவட்டும். நானுந்தானே அன்னிக்கு ரத்தம் குடுத்தேன் தையலு. எனக்கு என்னா சொன்னாங்க?