மூன்றாவது குழாய் போட்ட சத்தம்

பெயர் பதிவேட்டில் இருக்கிறது. தெருவில் பைப்பு மாமா என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். வயது ஐம்பத்தொன்பது, பார்த்தவர்கள் யாரும் ஐம்பதைத் தாண்டிச் சொன்னதில்லை. படிப்பு எட்டாவது, அதிலும் பாதி. தொழில் குழாய் வேலை. விலாசம், என் அக்காள் மகள் குடியிருக்கும் மாடி வீடு, மூன்று வாரமாக. நான் முழு நினைவோடு, தலையில் நான்கு தையலோடு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் காவல் ஆய்வாளர் முன்பாகச் சொல்வது பின்வருமாறு.

என் அக்காள் மகள் கூடத்தில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கிறாள். அதில் உயிருள்ள பவளமும் ஏழு மீன்களும் உண்டு. தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அடியில் உள்ள கீழ்த்தொட்டிக்கு இறங்கிச் சுத்தமாகும், பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். இறங்குகிற குழாயில் காற்றும் சேர்ந்து போனதால் ராப்பகலாக வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம். கீழ்வீட்டு நர்ஸம்மா இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். துடைப்பக்கட்டையால் கூரையை இடித்துப் பார்த்தவர், ஒருநாள் மேலேயே வந்துவிட்டார். "உங்க மீனு குளிக்குதா, இல்ல குடித்தனமே பண்ணுதா? நான் எப்பத்தான் தூங்குறது?" என்று கேட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து என் அக்காள் மகள் என்னை வரவழைத்தாள்.

நான் ஒரு பார்வை பார்த்தேன், வியாதி தெரிந்துவிட்டது. இந்த ஊரில் பாதி வீடுகளில் தண்ணீர் ஓடுவது என் கையால்தான். நிலைய எழுத்தர் அதை எழுத மாட்டேன் என்றார், கால்வாசி என்று எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு நாங்கள் தாளில் படம் போட்டு மூன்று குழாய் என்று முடிவு செய்தோம். முதல் குழாயில் காற்றே புகாமல் தண்ணீர் முழுக்க நிறைந்து இறங்கும். வால்வைத் திருகி அளவு பிடித்துவிட்டால் மூச்சுச் சத்தம்கூட வராது. இரண்டாவதில் மிச்சம் மீதித் தண்ணீர் குழாயின் உள்சுவரை ஒட்டி வழியும். மூன்றாவது சும்மா நிற்கும். முதல் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் அதில் தண்ணீர் பாயும். அதன் முனையையும் கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் முக்கிவிட்டால் அதுவும் வாய் திறக்காது என்றேன்.

"வேண்டாம் மாமா, அது கத்தணும். கத்தினாத்தான் ஏதோ தப்புன்னு தெரியும்" என்றாள்.

"நான் செஞ்ச வேலையில கத்துற குழாயா? என் பேரு என்ன ஆகுறது?"

"உங்க பேரைவிட என் பவளம் பெருசு மாமா."

முனையைக் கீழ்த்தொட்டித் தண்ணீருக்கு நான்கு விரல் மேலேயே நிறுத்தினேன். தண்ணீர் ஏற்றுகிற குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சிறு துளை ஒன்றும் போட்டோம். மின்சாரம் நின்றால் அதன் வழியாகக் காற்று புகுந்து, தொட்டித் தண்ணீர் பின்வாங்கி ஓடாமல் தடுக்கும். அந்தத் துளை என் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் யோசனை.

அதன் பிறகு பம்புக்கு அடியில் ரப்பர் வைத்து ஓடவிட்டோம். மறுநாள் நர்ஸம்மா வந்து, "அண்ணே, தொட்டி இருக்கா, வித்துட்டீங்களா?" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது.

இன்று காலை பத்தரை மணிக்கு, என் அக்காள் மகள் அலுவலகம் போயிருந்தபோது, தொட்டியில் காதை வைத்துக் கேட்டேன். முதல் குழாய் வாயிலிருந்து கொசு முனகுவது போல ஒரு சத்தம். வாயில் உள்ள வடிகட்டியைத் தொடக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். நான் முக்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினேன். குனிந்தபோது தோளில் கிடந்த துண்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது, கண் மூடித் திறப்பதற்குள் குழாய் அதை உறிஞ்சிக்கொண்டது. எட்டிப் பிடிக்கப் போனேன். முக்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தொட்டி நிற்கும் தாங்கியின் மூலை தலையில் இடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு நடந்ததை நர்ஸம்மா சொல்லி அறிந்தேன். முதல் குழாய் அடைத்து, தண்ணீர் ஏறி, மூன்றாவது குழாய் கத்தத் தொடங்கியிருக்கிறது. தூக்கம் கலைந்து சண்டை போடத்தான் மேலே வந்திருக்கிறார். வாசலில் என் செருப்பு, கூப்பிட்டால் பதில் இல்லை, சன்னலில் பார்த்தால் என் இரண்டு கால்கள். மாடிப்படியில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை எடுத்துப் பூட்டை உடைத்திருக்கிறார். தரை ஈரம் என்பதால் முதலில் மெயினை அணைத்து, பிறகு என் கழுத்து அசையாமல் பிடித்துக் காயத்தை அழுத்திக் கட்டியிருக்கிறார். பம்ப் நின்றும் வீடு வெள்ளமாகாதது அந்தத் துளையின் புண்ணியம்.

நான் கண் விழித்தபோது நர்ஸம்மா ஆம்புலன்சுக்கு வழிகாட்டத் தெருவுக்கு இறங்கியிருந்தார். உடைந்த பூட்டையும் பக்கத்தில் கிடந்த உருளையையும் பார்த்துக்கொண்டு, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் நின்றார். "என்னய்யா ஆச்சு?" என்றார். துண்டைப் பிடிக்கப் போய் விழுந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "யாரோ பின்னாலேருந்து அடிச்சான். ரெண்டு பேரு. ஒருத்தனைச் சமாளிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். உருளையை எடுத்தது தான்தான் என்று நர்ஸம்மாவே சொன்னதால், வீட்டுக்காரர் புகார் கொடுத்து அவரை இங்கே கொண்டுவரும்படி ஆகிவிட்டது.

அதன் பிறகு மாலையில் என் அக்காள் மகள் மருத்துவமனைக்கு வந்து, ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாள். "உங்களைப் பின்னாடி அடிச்சவன் உங்க துண்டைக் குழாய்க்குள்ள திணிச்சுட்டா மாமா போனான்?" என்றாள். நர்ஸம்மா நிலையத்தில் இருப்பதையும் அப்போதுதான் சொன்னாள். உடனே எழுந்து வந்தேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை. நானே விழுந்தேன். அந்த அம்மாள் பூட்டை உடைக்காவிட்டால் இதைச் சொல்ல நான் இல்லை. அவருக்கும், என் பேச்சைக் கேட்காத என் அக்காள் மகளுக்கும், நான் வாயடைக்கப் பார்த்த அந்தக் குழாய்க்கும் கடமைப்பட்டிருக்கிறேன். புதுப் பூட்டு என் பொறுப்பு. துண்டை ஆதாரமாக ஒப்படைக்கிறேன்.

நர்ஸம்மாவை அனுப்பிவைப்பதாக ஆய்வாளர் சொன்னார். அந்த அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது; கால்வாசி வீடு என்ற ஓர் இடம் தவிர எல்லாம் நடந்தபடியே இருக்கிறது என்று கையெழுத்திடுகிறேன். முத்திரையை மெதுவாகக் குத்தும்படி எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன்.

(ஒப்பம்)
பைப்பு மாமா