மூடியைத் தொடாதே

– ...பிளக்கைப் பிடுங்கிட்டியா? முதல்ல அதைச் சொல்லு.

– பிடுங்கிட்டேங்க. எத்தனை தடவை கேப்பீங்க?

– கேப்பேன். பிளக்கைப் பிடுங்கினதும் ஆம்ப்ளிஃபயர்ல கரண்ட் போயிடாது. உள்ளே கொஞ்ச நேரம் உக்காந்திருக்கும்.

– விருந்தாளி மாதிரியா?

– உங்க அண்ணன் மாதிரி. கிளம்பறேன் கிளம்பறேன்னு சொல்லும், கிளம்பாது.

– கடல் தாண்டிப் போயும் எங்க அண்ணனை விட மாட்டீங்களே... ஏங்க, பாடாம டிக் டிக்குன்னு அடிச்சுட்டே இருக்கு, இதை இப்படியே வெச்சுடவா? அடுத்த மாசம் நீங்களே வந்து பாத்துக்கலாமே.

– அது எதுக்கு அது வரைக்கும் சும்மா கிடக்கணும்? ஸ்க்ரூ டிரைவரை எடு. எனக்கு டூட்டிக்கு இன்னும் நேரமிருக்கு.

– ...எடுத்துட்டேன்.

– போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. மூடியில நாலு மூலைலயும் ஸ்க்ரூ இருக்கா?

– இருக்கு. ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு.

– அது நம்ம கட்டிலோடது. இதுல இருந்ததைத் தொலைச்சுட்டேன், அதான்...

– அதான் கட்டில் ஆடுதா? இத்தனை வருஷமா நான் தரையைத் திட்டிட்டிருக்கேன்.

– நான் வந்து... சரி, கழட்டு.

– வந்து?

– ஒண்ணுமில்ல. கழட்டு.

– கழட்டியாச்சு. மேனேஜர்கிட்ட லீவு கேட்டீங்களா?

– ...பவர் சப்ளை பலகைல பெரிசா, உருளையா ஒண்ணு நிக்குதா?

– லீவைக் கேட்டேன்.

– அதைக் கையால தொட்டுடாதே. பல்பு ஹோல்டர்ல ரெண்டு வயர் இழுத்து வெச்சிருப்பேனே, அதைப் பலகைக்கு அடியில அந்த உருளையோட ரெண்டு கால்லயும் வெச்சுப் பிடி. மிச்சமிருக்கிற கரண்ட் பல்புல போயிடும்.

– பிடிச்சேன்.

– செருப்பு போட்டிருக்கியா?

– போட்டிருக்கேங்க.

– ம்... இப்ப அங்கேர்ந்து ஆம்ப்ளிஃபயர் பலகைக்குப் போற வெள்ளை கனெக்டரை உருவு. ரெண்டும் சேர்ந்திருந்தா எது மேல தப்புன்னு தெரியாது. பிரிச்சுப் பார்ப்போம்.

– பிரிச்சுப் பார்த்தாதான் தெரியுமா எல்லாம்...

– என்ன?

– உருவிட்டேன்னு சொன்னேன்.

– தள்ளி நின்னு பிளக்கைப் போடு. சத்தம் நின்னுட்டா பவர் சப்ளை நல்லா இருக்குன்னு அர்த்தம். நிக்கலைன்னா கோளாறு அதுலதான். எழுந்திரிக்கப் பாக்கும், முடியாம படுத்துடும், மறுபடி எழுந்திரிக்கப் பாக்கும். அதுதான் அந்த டிக் டிக்.

– பாவம்.

– யாரு?

– யாரோ. போட்டுட்டேன், கேளுங்க.

– ...அதே டிக் டிக். நடுவுல பாப்பா அம்மான்னு கூப்பிட்டாளே, இன்னைக்கு ஸ்கூல் இல்லியா?

– ஸ்கூல்லதான்... அது பக்கத்து வீட்டுப் பொண்ணு.

– முதல்ல நீ சத்தத்தைக் கேட்க வெச்சப்பவும் இதே இடத்துலதான் கூப்பிட்டுச்சு.

– அது கூப்பிட்டுட்டேதான் இருக்கும். மேல சொல்லுங்க.

– பிளக்கைப் பிடுங்கு, திரும்பப் பல்பை வை. வெச்சியா? கனெக்டருக்குப் பக்கத்துல ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும் பாரு. கெட்டுப் போயிருந்தா தலை உப்பிக்கும், உப்பியிருக்கா?

– இல்லையே. தட்டையா, பளபளன்னு இருக்கு.

– என்ன கலர்?

– கறுப்பு.

– கறுப்பா... நான் போட்டது பச்சையாச்சே.

– கலர்ல என்னங்க இருக்கு?

– யார் மாத்தினது? கடைல குடுத்தியா?

– கடைல கெப்பாசிட்டர் மட்டும்தான் வாங்கினேன். நீங்க ஈயம் பத்த வைக்கிறப்பல்லாம் டார்ச் பிடிச்சுட்டு நின்னது யாரு? பிளஸ், மைனஸ் பாத்து நானே வெச்சேன். போன வாரத்துலேர்ந்து நல்லாப் பாடுது.

– அடிப்பாவி... அப்போ இந்த டிக் டிக்?

– சரி பண்றதுக்கு முன்னாடி பழைய போன்ல பதிஞ்சு வெச்சது. நடுவுல பாப்பா கூப்பிட்டதை நான் கவனிக்கல.

– பேசணும்னா கூப்பிட வேண்டியதுதானே. எதுக்கு இந்தக் கூத்து?

– கூப்பிட்டா என்ன பேசறீங்க? சாப்பிட்டியா, பாப்பா படிக்கிறாளா, வெச்சுடறேன். ரிப்பேர்னா மட்டும்தான் வாய் நிறைய பேச்சு வருது. உங்க குரலைக் கொஞ்ச நேரம் கேக்கணும் போல இருந்துச்சுங்க... ஏங்கிப் போச்சு மனசு.

– அதுக்காகத்தானா இவ்வளவும்?

– ...அதுக்கு மட்டும் இல்ல.

– பின்ன எதுக்கு?

– லீவு என்னாச்சு? அதை முதல்ல சொல்லுங்க.

– தரேன்னுதான் சொல்லியிருக்காங்க... பேசிட்டிருக்கேன். வந்துடுவேன், நீ ஏன் அதையே...

– வர மாட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு.

– ...யார் சொன்னா?

– நீங்கதான் சொன்னீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து அந்த மூடி மேல நான் கை வெச்சாலே, தொடாதே, நான் வந்து பாத்துக்கறேம்பீங்க. போன தடவை வர்றதுக்கு முன்னாடி, வெறும் ஃப்யூஸ் போனதுக்கே அதைத்தான் சொன்னீங்க. இன்னைக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுவீங்கன்னுதான் காத்துட்டிருந்தேன்... ஸ்க்ரூ டிரைவரை எடுன்னுட்டீங்க.