தொட்டியை மட்டும் பார்க்கும் கேமரா

மீன் தொட்டிக்குக் கேமரா வாங்குவது வெளியிலிருந்து பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை. கண்ணாடிக்கு நேராக வைத்தால் எதிரே இருக்கிற ஜன்னல்தான் தெரியும், மீன் தெரியாது. கொஞ்சம் சாய்வாக வைக்க வேண்டும். இருட்டில் பார்ப்பதற்கென்று கேமராவிலேயே ஒரு விளக்கு இருக்கும். அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க ஒரு வெள்ளை வட்டமாகத்தான் இருக்கும். இதையெல்லாம் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். எந்த வேலையைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன். பெரிய மருத்துவமனை சித்தி ஊரில்தான் இருந்தது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரு வாரம் அங்கே தங்க வேண்டியிருந்தது. வீட்டில் பெரியப்பா மட்டும். அப்பாவின் அண்ணன், கல்யாணம் ஆகாதவர், எங்கள் ஹாலில்தான் அவர் கட்டில். மீன்கள் அவருடையவை. அப்பாவுக்கு மீன் என்றாலே ஆகாது, தண்ணீர் மாற்றுகிற நாளில் வெளியே போய்விடுவார்.

"கேமரா ஒண்ணு பாரும்மா" என்றார் அப்பா. "மீனுக்குன்னு சொல்லிக்கலாம். அவருக்காகன்னு சொன்னா, என்னைய என்ன சின்னப் புள்ளைன்னு நெனச்சியான்னு ஆடித் தீத்துருவாரு. உன் போன்லயே வச்சுக்க. எனக்கு அந்தக் கருமமெல்லாம் வராது."

கடைக்காரர் தலையைத் திருப்புகிற கேமராவைக் காட்டினார். "போன்ல வெரல வச்சுத் தள்ளுனா திரும்பும் சார். கேக்கலாம், பேசலாம்."

"மீன்கிட்டயா?" என்றார் அப்பா.

"நாய்கிட்ட பேசுறவங்க இருக்காங்க. மீன்கிட்ட நீங்க ஆரம்பிச்சு வைங்க."

பதிவு செய்கிற கார்டு வேண்டுமா என்று கேட்டார். மீன் எதைத் திருடிவிடப்போகிறது, வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து ஹால் அலமாரியில், தொட்டியைப் பார்த்தபடி அதை வைத்தேன்.

பெரியப்பா நல்லவர். அதை நான் மறுக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுகிறவர் அவர்தான். ஆனால் அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். பல்செட்டைக் கழற்றி எச்சில் நூலோடு டம்ளரில் போடும் கை. எனக்குப் பால் வருவது வேறு டம்ளரில் என்று அம்மா சொல்வாள். நான் நம்பியதில்லை. ஒருநாள் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மஞ்சளாக, தடியாக ஒரு துண்டு தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. ஒரு மீன் அதை வாயில் வாங்கிச் சப்பிப் பார்த்துத் துப்பியது. இன்னொன்று வந்து வாங்கியது, அதுவும் துப்பியது.

"பாத்தியா குட்டி, பெரியப்பா நகம் அதுங்களுக்கே எறங்கல" என்று சிரித்தார். சிரிப்போடு சளி வந்தது. தொட்டி துடைக்கிற துணியிலேயே வாயைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் அந்த ஹாலை மூச்சை அடக்கிக்கொண்டுதான் கடப்பேன். இது என் தப்பா, சொல்லுங்கள். குமட்டலை யாராலும் அடக்க முடியாது.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள், சித்தி வீட்டுச் சமையலறையில் நின்று போனைத் திறந்தேன். மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தன. எதற்காக என்று கேமராவைத் திருப்பினேன். பெரியப்பா தரையில் கிடந்தார். ஒரு கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. பல்செட் தனியே விழுந்திருந்தது. கட்டிலில் அவர் போன்.

கேமரா திரும்பும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். அது அவருக்குக் கேட்டிருக்கிறது. தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"குட்டி, நீதானா? நல்லவேளைடா. பெரியப்பா வழுக்கிட்டேன். அப்பாட்ட சொல்லு."

பல் இல்லாத வாய். ஈறு, நாக்கு, கன்னத்தில் வழிந்து தரையைத் தொட்ட கோழை. வேட்டியும் நனைந்திருந்தது. விரலை வைத்துக் கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். "குட்டி?" என்று இன்னொரு தடவை கேட்டது. சத்தத்தை அணைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"அண்ணன் போன எடுக்கலியே. பாத்தியாம்மா?"

"இப்பதான் பாத்தேன். தூங்குறாருப்பா."

ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால், அப்புறம் எதைச் சொன்னாலும் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றுதானே கேட்பார்கள். அதனால் மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும். போனைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தீனி இல்லாமல் மீன்கள் கண்ணாடியில் வாயை வைத்து உரசிக்கொண்டிருந்தன. பாவமாக இருந்தது.

ஊர் திரும்பி அப்பா கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தை நான் விவரிக்கப்போவதில்லை. அப்பா தரையில் உட்கார்ந்து அண்ணா அண்ணா என்று அழுதுகொண்டிருந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் மீன்களுக்குத் தீனி போட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

என்னை யாரும் திட்டவில்லை. "கட்டில்ல போர்வை சுருண்டு கெடந்துச்சு. அதப் பாத்து ஏமாந்துட்ட" என்று அப்பாவே சொன்னார். ஆமாம் என்றேன். ஆனால் சில நாள் கழித்து அம்மாவிடம் அவர் பேசியது என் காதில் விழுந்தது.

"போன் கட்டில்லதான கெடந்துச்சு, கை எட்டுற தூரம். அத விட்டுட்டு அந்தக் கால வச்சுக்கிட்டு எதுக்கு அலமாரி வரைக்கும் நகந்து போனாரு? அங்க கேமராவத் தவிர ஒண்ணுமே இல்லையே."

போன வாரம் அப்பா தன் போனிலும் கேமராவைப் போட்டுத் தரச் சொன்னார். "மீனப் பாக்கணும்போல இருக்கு" என்றார். எப்படித் திருப்புவது என்று கற்றுக்கொண்டார். திரும்பும்போது சத்தம் வருமா என்று கேட்டார். கொஞ்சம் வரும் என்றேன்.

"அங்க இருக்கவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்கும்ப்பா."

இன்று அப்பாவுக்கு இரவு வேலை. அம்மா தூங்கிவிட்டாள். தொட்டிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பினேன். கேமரா என் முகத்துக்கு நேராக நின்றிருந்தது. "அப்பா?" என்றேன். சிரித்தேன், கையைக்கூட ஆட்டினேன். அதில் பேசலாம். அவர் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேமரா மெதுவாகத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

தீனி அதிகமாக விழுந்துவிட்டது. வேறொன்றும் இல்லை. அப்பாவுக்கு இப்போதெல்லாம் மீன் மேல் அவ்வளவு பிரியம்.