ஏழாவது டிரம்

எனக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. நீங்கள் கொடுத்தது சரியாக இருக்கிறது.

விசாரணைக்கு நீங்கள் கேட்டதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இருமல் மருந்து செய்யும் ஆலையில் பதினெட்டு வருடமாகப் பரிசோதனைக்கூடம் என் பொறுப்பு. மருந்துப் பொடி தண்ணீரில் லேசில் கரையாது. அதைக் கரைத்து வைக்க புரொப்பிலீன் கிளைக்கால் வேண்டும். நிறமில்லை, வாசனையில்லை, கொழகொழவென்று லேசாக இனிக்கும். சாதுவான சரக்கு. அதற்கு எத்திலீன் கிளைக்கால் என்று ஒரு தம்பி உண்டு. ஒரே ஒரு கார்பன் அணு குறைவு. கண்ணுக்கும் நாக்குக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் தம்பி வண்டி எஞ்சினைக் குளிர்விக்கப் போகிறவன். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தை முடக்கிவிடுவான்.

ஒவ்வொரு டிரம்மையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வழக்கம் வேறு. முதல் டிரம்மில் மட்டும் மாதிரி எடுத்து, அதில் வந்த எண்ணையே மற்றவற்றுக்கும் எழுதிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார்.

அன்று பன்னிரண்டு டிரம் வந்தன. முதலாவது சுத்தம். ஏழாவதில் லேபிளின் மூலை பெயர்ந்திருந்தது. அடியில் இன்னொரு லேபிள். அதில் பாதி எஞ்சின் படம் தெரிந்தது.

சோதித்திருக்கலாம், அரை நாள் வேலை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஒரு துருக்கறையைப் பார்த்துப் பயந்து மூன்று நாள் உற்பத்தியை நிறுத்தியவன் நான். கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனது. அன்றிலிருந்து என் பெயர் முட்டுக்கட்டை. சாப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்தாலே சிரிப்பை அடக்குவார்கள். அது எனக்கு வலித்தது, மறைப்பானேன். உற்பத்தி மேலாளர் கதவில் சாய்ந்து நின்றார்.

"என்ன முட்டுக்கட்டை, இன்னைக்காவது வழி விடுவீங்களா?"

மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். நன்றாக இருந்தது.

பழைய டிரம்மில் நல்ல சரக்கை ஊற்றி அனுப்புவதும் உண்டு. சோதித்துப் பார்க்காத ஒன்றைத் தெரியும் என்று ஒரு வேதியியல்காரன் எப்படிச் சொல்ல முடியும்?

பதினான்கு குழந்தைகள் என்கிறீர்கள். படங்களைப் பார்த்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

என் தங்கை உங்களிடம் சொன்னதும் உண்மைதான். மருந்து கடைகளுக்குப் போன முதல் வாரம் அது. எந்தக் குழந்தைக்கும் இன்னும் எதுவும் ஆகியிருக்கவில்லை. அவள் மகனுக்கு இருமல் என்று பார்க்கப் போயிருந்தேன். எங்கள் மருந்தை ஸ்பூனில் ஊற்றி, அவன் வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

"நீ கையெழுத்து போட்ட மருந்துண்ணா, கண்ண மூடிக்கிட்டு கொடுக்கலாம்" என்றாள்.

ஸ்பூனைப் பிடுங்கினேன். பாட்டிலோடு தொட்டியில் கவிழ்த்து, குழாயை நன்றாகத் திறந்துவிட்டேன். வேறு கம்பெனி மருந்தை நானே போய் வாங்கி வந்தேன். ஏன் என்று கேட்டாள்.

"இனிப்பு ஜாஸ்திம்மா. புள்ளைக்குப் பல்லு கெட்டுடும்."

பல்லுக்காகத்தான் கொட்டினேன், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.