மடியாத சீட்டு

வில்லியனூரிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். மளிகைக்கடைக்காரர்கள், கார் வாங்க ஷோரூமுக்குப் போகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "சீட்டு மடியிற கார் எனக்கு வேணாம்" என்று அந்த அம்மாள் சொன்னபோதுதான் காது கொடுத்தேன்.

"இன்னாடி பேசற? அதுல ஏழு பேரு போலாம். புள்ளைங்க, எங்கம்மா, உங்கம்மா எல்லாரும் போலாம். நீ கேக்கற அஞ்சு சீட்டு செடான் கார் வெலையும் ஜாஸ்தி, எடமும் பத்தாது."

"பின்னாடி சீட்ட மடிச்சா எத்தினி மூட்டை புடிக்கும்னு ஷோரூம்காரன போன்ல கேட்டியே, எனக்குக் காது இல்லன்னு நெனச்சியா?"

"சும்மா கேட்டேன்."

"இப்ப இருக்கற வேனும் குடும்பத்துக்குன்னுதான் வாங்குன. பெரியவள பெக்கறதுக்குப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அதுலதான போனோம். வலியில நான் கத்திக்கினு கெடக்கறேன், நீ ஒதியம்பட்டுல நிறுத்தி நாலு எண்ணெ டின் எறக்குன."

"போற வழிதான."

"எங்கப்பா சாவுக்குப் போனப்ப மாலைய எங்க வெச்ச? வெங்காய மூட்டை மேல. கருமாதி வரைக்கும் என் பொடவையில வெங்காய நாத்தம். எனக்கு மூட்டை ஏத்த முடியாத கார் வேணும். வீண் செலவுன்னு ஊரே சொல்லட்டும்."

மூலக்குளம் நெரிசலில் பஸ் நின்றது. அவர் தணிந்த குரலில் சொன்னார்:

"சரி, உன் இஷ்டம். செடானே வாங்கலாம்."

அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"டிக்கி பெருசா இருக்குமில்ல?" என்றார்.

அந்த அம்மாள் எழுந்து, என் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.