தீயின் பங்கு

— ...அப்ப பாதிக் கல்லத் தீயே தின்னுடுமா சாமி?

— தீ எதையும் தின்னாது திம்மப்பா. பிரிச்சு விடும், அவ்வளவுதான். மொதல்ல பெஞ்சு மேல உக்காரு.

— தரையே போதும் சாமி. எனக்குப் புரியறாப்ல சொல்லுங்க. நாலு பேரு பாக்க நூறு மணங்கு கல்லு நிறுத்துத்தான் சூளையில போட்டேன். வெந்து வந்த சுண்ணாம்பு பாதிதான்னு கோவிந்தப்பன் என்னத் திருடன்னுட்டாரு. எல்லாருக்கும் முன்னால. குடிசையக் காலி பண்ணச் சொல்றாரு.

— அவரு இந்த வருசந்தானே சூளையக் குத்தகைக்கு எடுத்தாரு. முன்ன கூடையில அளந்து வித்தாங்க, யாரும் நிறுக்கல. இவரு தராசு வெச்சாரு, அரண்டுட்டாரு.

— நீங்க பெங்களூர்ல படிச்ச வாத்தியாரு. நீங்க சொன்னா கேப்பாரு.

— சொல்றேன். கல்லு பாக்கத்தான் ஒண்ணு. உள்ள சுண்ணாம்பும் ஒரு காத்தும் ஒட்டிக்கிட்டு இருக்கு. கரியமில வாயுன்னு சொல்லுவாங்க. சூடு ஏறினா காத்து கழண்டு மேல போயிடும், சுண்ணாம்பு மட்டும் நிக்கும். எடை கொறையாம என்ன செய்யும்?

— காத்துக்கு எடை இருக்குதா?

— இருக்கு. அதையும் புடிச்சு நிறுத்தா கணக்கு சரியா வரும். ஒலகத்துல எதுவும் இல்லாம போறதில்ல. எடந்தான் மாறும்.

— எதுவுமா சாமி?

— எதுவும். ஏன் அப்படிப் பாக்கற?

— ஒண்ணுமில்ல... சொல்லுங்க.

— மூஞ்சியத் தொங்கப் போடாத. சாயங்காலம் கோவிந்தப்பனே இங்க வர்றாரு. உன் பொண்டாட்டி கெம்பம்மாவக் கூட்டியாந்து நிறுத்து. அவ வாய்க்கு அவரே பயப்படுவாரு.

— அவ... அஞ்செட்டி போயிருக்கா. அவங்கம்மா ஊட்டுக்கு.

— சண்டையா? நீ கன்னடத்துல ஆரம்பிச்சா அவ தெலுங்குல முடிப்பாளே, சூளையே வேடிக்க பாக்குமே.

— சண்டையெல்லாம் இல்ல சாமி... தீ எவ்வளவு எடுக்கும்? ஒரு நாளு கம்மியா, ஒரு நாளு நெறைய, அப்படித்தானே?

— அதுதான் இல்ல. அணுன்னு கேட்டிருக்கியா?

— ஜப்பான்ல குண்டு போட்டாங்களே...

— அதே அணுதான். கண்ணுக்குத் தெரியாத பொடி. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி எடை, அது மாறாது. இத்தனைக்கு இத்தனைன்னுதான் சேரும். அதனால பாகலூர்க் கல்லானாலும் சீமைக் கல்லானாலும் பங்கு ஒண்ணுதான். நூத்துல நாப்பத்திநாலு காத்து, அம்பத்தாறு சுண்ணாம்பு.

— கல்லு மட்டமா இருந்தா?

— மண்ணு கலந்திருந்தா இன்னும் கூடத்தான் நிக்கும். மண்ணு எங்க பறக்கும்?

— அன்னிக்குத் தீ ரொம்ப எரிஞ்சுதுங்க. காத்து பலமா அடிச்சுது...

— ஊரையே சேத்து எரிச்சாலும் அம்பத்தாறுக்குக் கீழ வராது. ஏன், உனக்கு எவ்வளவு தேறிச்சு?

— ...அம்பது.

— சிந்தினது செதறினது?

— கூட்டி அள்ளித்தான் நிறுத்தோம்.

— அப்ப ஆறு மணங்கு இடிக்குதே.

— தீ பாதி எடுக்கும்னே சொல்லிடுங்க சாமி. அவருக்கு என்ன தெரியப் போகுது?

— தெரிஞ்சிடுமே. அவரு கண்ணு முன்னால இந்தப் பள்ளிக்கூடத் தராசுல கல்ல நிறுத்து, சுட்டு, திரும்ப நிறுத்துக் காட்டறேன்னு வாக்கு குடுத்துட்டேன். உன்னக் காப்பாத்தத்தான் குடுத்தேன். அந்தத் தராசு எனக்காகப் பொய் சொல்லுமா?

— ...சொல்லாது.

— ஆறு மணங்குன்னா ரெண்டு மூட்டை சுண்ணாம்பு திம்மப்பா. எங்க போச்சு?

— நான் கெளம்பறேன் சாமி.

— இரு. என்கிட்ட மட்டும் சொல்லு. தெரியாம நான் எப்படி உனக்காகப் பேச?

— பேச வேண்டாம் சாமி. வந்திருக்கவே கூடாது நான். எல்லாத்தையும் தீ எடுத்துக்கும்னு நெனச்சுட்டு வந்துட்டேன்.

— திருடன்னு பேரு வாங்கினா ஓசூர்ல எந்தச் சூளையும் உன்னச் சேக்காது. அவ திரும்பி வந்து கேட்டா என்ன சொல்லுவ? யாருக்குக் குடுத்த?

— அவ வரமாட்டா சாமி. வாந்திபேதியில போயிட்டா. யாருக்கும் தெரியாம நானே குழி வெட்டினேன். மத்த குடிசையில கொழந்தைங்க இருக்குது, தொத்திடக் கூடாதுன்னு ரெண்டு மூட்டையையும் அவ மேல கொட்டி மூடினேன். விசயம் வெளிய வந்தா அத்தனை குடிசையையும் கொளுத்தி எல்லாரையும் தொரத்திடுவாங்க. கோவிந்தப்பன் வந்தா நான் திருடன்னே சொல்லிடுங்க.